உச்சிச் சாய்வு

முள்ளிப்பொத்தைக்காரர்கள் மத்தியானம் ஆனால் வடக்கே சாய்வார்கள். காலை ஒன்பது மணிவரை நட்டுவைத்த கம்பு மாதிரி நிற்கிற சனம், வெயில் ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, பன்னிரண்டு மணிவாக்கில் தலை இரண்டு விரற்கடை வடக்கே போய் நின்று, பிறகு வெயில் தாழத் தாழ நிமிர்ந்து, நாலு மணிக் காப்பிக்குப் பழையபடி நேராக உட்கார்ந்திருக்கும். ஆள் மட்டுமில்லை, அரிவாள், மண்வெட்டி, கதவு நாதாங்கி, கிணற்று வாளி என்று இரும்பாய்ப் பிறந்தது எல்லாமே அந்நேரத்துக்கு வடக்கே பார்க்கும். உச்சி வேளையில் வாளி கிணற்றின் வடசுவரில் போய் இடிப்பதால் அந்தச் சுவருக்கு மட்டும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூச்சு வேலை உண்டு.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். பூமியின் காந்தம் எந்நேரம் எவ்வளவு ஆடுகிறது என்று அளப்பதற்காக, ஊருக்குத் தெற்கே ஓர் இரும்பாணிகூட இல்லாமல் பித்தளை ஆணியும் மரமுளையும் அடித்து கவர்மெண்டு ஒரு வெள்ளைக் கட்டடம் கட்டி, அதற்குள்ளே ஊசிகளைத் தொங்கவிட்ட பிறகுதான் என்று சிலர் சொல்வார்கள். ஊர் சாய்வதைக் கேள்விப்பட்டுத்தான் ஊசியே வந்தது என்று மற்றவர்கள் அடித்துச் சொல்வார்கள். அந்த ஊசி ஆபீசில் இருந்த ஞானதிரவியம் சார் இடுப்பில் பெல்ட் கட்டாமல், சட்டைக்குப் பிளாஸ்டிக் பித்தான் வைத்து, ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு தினமும் காலையில் பஸ் நிறுத்தத்துக்கு வந்து, கரும்பலகையில் ‘இன்று மூன்று விரல்’ என்றோ ‘இன்று இரண்டரை’ என்றோ எழுதிவிட்டுப் போவார். ஊர் அதைப் பார்த்துவிட்டு அன்றைய வேலையை வைத்துக்கொள்ளும். சவரம், கதிரடிப்பு, காது குத்து எல்லாம் காலையோடு முடிந்துவிடும். பஸ் டிரைவர் பதினொன்று முதல் ஒன்றுவரை எல்லைவேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை விடமாட்டார்.

ஆனாலும் எல்லா நாளும் ஒரே நாளில்லை. ஆடியிலும் மார்கழியிலும் சாய்வு அடங்கி அரை விரல்கூடத் தேறாது. பங்குனியும் புரட்டாசியும் வந்துவிட்டால், பகலும் இரவும் ஒரே அளவாய் வருகிற அந்த நாட்களில், ஊருக்கு என்ன பிடிக்குமோ தெரியாது, காலையிலேயே சரிய ஆரம்பித்து அந்தி வரைக்கும் நிமிராமல் நாலு விரல், ஐந்து விரல், சில நாள் ஒரு சாண் என்று போகும். சூரியனில் எங்கோ ஒரு கொந்தளிப்பு எழுந்தால் இரண்டாம் நாள் அது நம் ஊருக்கு வந்து சேரும் என்று ஞானதிரவியம் சார் சொல்லுவார். ஊர்க்காரர்கள், பங்குனி உத்திரம் சாஸ்தாவுக்கு உகந்த நாள், சாஸ்தா கோயில் குளத்தின் வடகரையில் இருக்கிறது, அதனால் ஊர் பணிகிறது என்பார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசியதில்லை. உலகமெல்லாம் ஆடியில் புதுப்பெண்ணைப் பிறந்தவீட்டுக்கு அனுப்பிவைக்கும்போது முள்ளிப்பொத்தையில் மட்டும் ஆடியில்தான் தாலி கட்டுவார்கள். மாலை மாற்றும்போது மாப்பிள்ளையும் பெண்ணும் நேராக நிற்கவேண்டாமா? முதலில் முகம் சுளித்த ஐயர்களும் பிறகு பழகிக்கொண்டார்கள்.

அப்படி ஓர் ஆடியில்தான் உலகம்மாள் கொத்தனார் லிங்கதுரைக்கு வாழ்க்கைப்பட்டு அந்த ஊருக்கு வந்தாள். ஐந்து பெண்களில் கடைசி. எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியை வழித்துத் தின்று வளர்ந்தவள். எட்டு வயதிலிருந்து பீடி சுற்றியவள். அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, பசிக்கிறதா என்றுகூட.

வந்து இரண்டு மாதம் கழித்துப் புரட்டாசி வந்தது. புளியமரத்து நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தபோது உச்சிவேளை ஆனது. எல்லாருடைய கத்தரியும் வடக்கே திரும்பியது, பெண்கள் ஒரு விரல், ஒன்றரை விரல் சாய்ந்தார்கள். முள்ளிப்பொத்தையில் பெண்கள் எப்போதுமே ஆண்களைவிடக் குறைவாகத்தான் சாய்வார்கள், அது பொம்பளைகளின் அடக்கம் என்று ஊர் முடிவு கட்டி வைத்திருந்தது. உலகம்மாள் மட்டும் இம்மிகூட அசையாமல் சுளகை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டிக்கொண்டிருந்தாள். வெளியூர் உடம்பு, ஊர்த் தண்ணி இன்னும் ஒட்டவில்லை என்றார்கள். மூன்று நாள் போனது, மூன்று வாரம் போனது, ஒட்டவேயில்லை.

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. ஒருநாள் மத்தியானம் புருஷனுக்குச் சோறு கொண்டுபோனவள் அவன் எழுப்பிக்கொண்டிருந்த சுவரைப் பார்த்துவிட்டு, வடக்கே சாய்ந்திருக்கிறதே என்றாள். லிங்கதுரைக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அந்தி சாய்ந்து ஊர் நிமிர்ந்த பிறகு போய்ப் பார்த்தான். அவள் சொன்னபடியேதான் இருந்தது. ஊரில் கட்டிய சுவர்களில் பாதி அப்படித்தான். தூக்குக் குண்டு இரும்பாய் இருந்தால் குண்டே சாயும். பித்தளைக் குண்டு வாங்கிக் கட்டிப் பார்த்தார்கள், அது நேராகத்தான் தொங்கியது, ஆனால் பார்க்கிற கண் சாய்ந்திருந்ததால் குண்டுதான் கோணல் என்று சண்டை போட்டார்கள். நூல் வாய் திறந்து பேசுமா? மனுஷி பேசுவாள். மறுநாளிலிருந்து லிங்கதுரை பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டே வேலைக்குப் போனான். சுவருக்கு எதிரே ஒரு கல்லைப் போட்டு அதன்மேல் அவளை நிறுத்தி, வரிசைக்கு வரிசை, நேராக இருக்கிறதா என்று கேட்டான். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இன்னும் நூலளவு தெற்கே என்பாள். அவன் தட்டுவான். ஆறு மாதத்தில் அவளை நிற்கவைக்காமல் ஊரில் ஒரு மாட்டுக்கொட்டில்கூட எழும்பவில்லை.

உலகம்மாளுக்கு அது பிடித்திருந்தது. அதை மறைப்பானேன். பெரிய மீசைக்காரர்களெல்லாம் கீழே சாய்ந்து நின்றுகொண்டு, ‘தாயி, நேரா இருக்கா?’ என்று அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் தெருவில் போனால் திருநீறு பூசிய கிழவர்கள் விலகி வழிவிட்டார்கள். ஊரே சாயும்போது சாயாமல் நிற்கிறவள் லேசுப்பட்டவளா, மனசில் அழுக்கு இல்லாதவளுக்குத்தான் அப்படி ஒரு நிலை வாய்க்கும் என்று பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை அவள் வாசலில் யாரோ விளக்கு வைத்துவிட்டுப் போனார்கள். பூ கொண்டுவந்தார்கள், குங்குமம் கொண்டுவந்தார்கள், சாமிக்குப் படைப்பதைக் கொண்டுவந்து காட்டிவிட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டுபோய்த் தின்றார்கள். நாலு எட்டு நடந்தால் மூச்சு இரைப்பதையும், நகமெல்லாம் சுண்ணாம்பு போல வெளுத்திருப்பதையும் கண்டும் யாரும் காணவில்லை. அவளுக்கு நனைந்த செங்கல்லின் வாசம் பிடித்துப்போய், யாரும் பார்க்காதபோது ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டு மெல்லுவாள். ஒருமுறை லிங்கதுரை பார்த்துவிட்டு, சுவரைத் தின்றால் கூலி யார் தருவார்கள் என்று கேலி செய்தான்.

முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போனது. பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்குப் பங்குனி முழுக்க வெயிலில் நின்ற வருஷம் அது. ஊர்க் கண் பட்டுவிட்டது என்று ஊரே வந்து சுற்றிப்போட்டது. இரண்டு வருஷம் கழித்து மறுபடி வயிற்றில் வந்தபோது அவள் யாரிடமும் சொல்லாமல் நாலு மாதம் அடக்கி வைத்திருந்தாள். சொன்னால் போய்விடும் என்று பயந்தாள்.

அந்த வருஷம்தான் தர்மகர்த்தா நல்லபெருமாள் சாஸ்தா கோயிலுக்கு மதில் எடுக்கத் தீர்மானித்தார். கோயிலுக்கு நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே மதில், பங்குனி உத்திரத்துக்குள் கிழக்கும் வடக்கும் முடியவேண்டும். நல்லபெருமாள் நல்ல கனத்த சரீரம். வருஷத்தில் இரண்டு கிடா கோயிலுக்கு வெட்டி ஈரலைத் தான் எடுத்துக்கொள்ளுகிறவர், அதனாலோ என்னவோ ஊரிலேயே அதிகம் சாய்கிற ஆள் அவர்தான். அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு, சாஸ்தாவுக்கு என்னைப்போலப் பணிகிறவன் எவன் என்பார்.

மாசி மாதம் கிராம நர்ஸ் மைதீன்பாத்து வீடு வீடாக வந்தாள். மேலப்பாளையத்துக்காரி, வாய்க்கு வாய் ‘ஏளா’ போடுகிறவள், புதிதாக மாற்றலாகி வந்திருந்தாள். உலகம்மாளை வெளிச்சத்துக்கு இழுத்துக் கண்ணின் கீழ் இமையைக் கட்டை விரலால் தாழ்த்திப் பார்த்தாள்.

“ஏளா, கண்ணுக்குள்ள வாழத்தண்டா வச்சிருக்க?”

விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். ஒரு சொட்டு வரவே வெகுநேரம் ஆனது. ஆறு கிராமுக்கும் குறைவு என்றாள். ஆறு கிராம் என்றால் என்னவென்று உலகம்மாளுக்குத் தெரியவில்லை, நர்சின் முகத்தைப் பார்த்துத்தான் வயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள்.

“ஊசி எதுக்கு ஆடுது? இரும்புங்கதால ஆடுது. ஆள் எதுக்கு சாயுதான்? அவன் ரத்தத்துக்குள்ள இரும்பு இருக்கு, அதான் சாயுதான். ஒனக்குச் சாயுததுக்கு உள்ள ஒண்ணுமே இல்ல.”

“நல்லாத்தானக்கா நிக்கேன்.”

“பட்ட மரமும் நல்லாத்தான் நிக்கும்” என்றாள் மைதீன்பாத்து.

சிவப்பு மாத்திரைகளைக் கொடுத்து, தினம் இரண்டு, கூடவே முருங்கைக் கீரை, ஈரல், சுண்டல், பேரீச்சம்பழம், வெயிலில் நிற்கக்கூடாது, பெரியாஸ்பத்திரியில் போய் ரத்தம் ஏற்றவேண்டும், இல்லையென்றால் இரண்டில் ஒன்று போகும், சமயத்தில் இரண்டும் போகும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

செய்தி மதில் வேலை நடக்கிற இடத்துக்கு உலகம்மாளுக்கு முன்னாலேயே போய்விட்டது. மாத்திரை தின்றால் பிள்ளை கறுப்பாய்ப் பிறக்கும் என்றார்கள். மாத்திரை தின்றால் சாய்வாள், சாய்ந்தால் மதில் என்னாவது என்று அதற்குப் பின்னால் மெதுவாகக் கேட்டார்கள். தர்மகர்த்தா அவள் வீட்டுக்கே வந்து, நின்றபடியே, இன்னும் இருபது நாள்தானே தாயி, உத்திரம் முடியட்டும், சாஸ்தா வேலைக்கு நின்ற உடம்பைச் சாஸ்தா கைவிடுவாரா என்றார். லிங்கதுரை சுவரோடு சுவராய் நின்றான். கெட்டவன் இல்லை, மனசில் பட்டதை வாயில் கொண்டுவரத் தெரியாதவன். எல்லாரும் போன பிறகு, ‘நீ என்ன சொல்லுதியோ அதுதான் உலகு’ என்று சொல்லி, பெரிய பாரத்தைத் தூக்கி அவள் தலையிலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான்.

அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாழ்நாளில் முதன்முதலாக நாலு பேர் அவள் சொல்லுக்குக் காத்திருக்கிற இடம் அந்தக் கல்தான், அதைவிட்டு இறங்கினால் மறுபடி சட்டி வழிக்கிற உலகம்மாளாகப் போய்விடுவோம் என்கிற பயம் அவளுக்குப் பிள்ளையைப் பற்றிய பயத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. உத்திரம் முடியட்டும் என்றாள். மாத்திரையை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள்.

பங்குனி பிறந்தது. கரும்பலகையில் ஐந்து விரல், ஆறு விரல், ஒரு சாண் என்று ஏறிக்கொண்டே போனது. ஊர் அதற்கும் பழகியிருந்தது. வடக்கே போகிறவன் சறுக்கிக்கொண்டு போனான், தெற்கே வருகிறவன் எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பதுபோல வந்தான். உலகம்மாள் காலையிலிருந்து அந்திவரை கல்மேல் நின்றாள். வயிறு முன்னால் தெரிய ஆரம்பித்திருந்தது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது, காதுக்குள் சங்கு ஊதியது, என்றாலும் ‘நேரா இருக்கா?’ என்று கேட்டால் பதில் சரியாகத்தான் வந்தது. கிழக்கு மதில் நூல் பிடித்தாற்போல முடிந்தது. வடக்கு மதிலும் மூலைவரை வந்துவிட்டது.

உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஞானதிரவியம் சார் பலகையில் எழுதாமல் நேராகக் கோயிலுக்கே வந்தார். ஊசி கோடு கிழிக்கிற தாளை விட்டே வெளியே போய்விட்டது, இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு நாளைப் பார்த்ததில்லை, உச்சிக்குள் எல்லாரும் உட்கார்ந்துவிடுங்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னார். பதினொரு மணிக்குள் ஊர் ஒரு முழம் சாய்ந்தது. கிழவர்கள் தரையில் படுத்துக்கொண்டார்கள். சித்தாள்கள் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அரிவாள்கள் சுவரிலிருந்து கழன்று வடக்கே பார்த்து விழுந்தன. மூலைக் கல் மட்டும்தான் பாக்கி, அதையும் வைத்துவிடலாம் என்று தர்மகர்த்தா குளக்கரை ஆலமரத்து விழுதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே சொன்னார். சாரத்தில் இடுப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நின்ற லிங்கதுரை கல்லை எடுத்தான். அத்தனை சாய்வுக்கு நடுவில் உலகம்மாள் ஒருத்திதான் நின்றாள்.

அப்போது வயிற்றுக்குள் பிள்ளை திரும்பியது.

உதை இல்லை, உருளல் இல்லை, கட்டிப்போட்ட கன்று தாய்ப்பசுவின் குரல் கேட்டுக் கயிற்றை இழுக்குமே அப்படி இழுத்தது. சேலைக்கு மேலேயே தெரிந்தது. நேராக நிற்கிற பொம்பளையின் வயிறு மட்டும் வடக்கே போய் நின்றது. அவளுக்குப் புரிந்துவிட்டது. சட்டி வழித்துத் தின்றதிலிருந்தும் செங்கல் தின்றதிலிருந்தும் அவள் உடம்பு சேர்த்து வைத்திருந்த துளித் துளி இரும்பையெல்லாம் இது எடுத்துக்கொண்டுவிட்டது, இன்னும் கேட்கிறது, கொடுக்க உள்ளே ஒன்றுமில்லை. முதல் பிள்ளையும் இப்படித்தான் கேட்டிருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது.

“தாயி, நேரா இருக்கா?” என்று தர்மகர்த்தாவின் குரல் கேட்டது.

அவள் மதிலைப் பார்க்கவில்லை. “எம் பிள்ளை சாயுது மாமா” என்றாள். “நான் இறங்குதேன்.”

இறங்கித் தெற்கே நடந்தாள். தெற்கேதான் எல்லைவேப்பமரம், அங்கேதான் பஸ், அதற்கப்பால் ஆஸ்பத்திரி. பிள்ளை வடக்கே இழுத்தது, அவள் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு தெற்கே இழுத்தாள். பத்து எட்டு வைத்தாள், பதினோராவது எட்டில் விழுந்தாள். லிங்கதுரை கையிலிருந்த கல்லைக் குளத்தில் எறிந்துவிட்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு சாரத்திலிருந்து குதித்தான்.

அன்றைக்கு முள்ளிப்பொத்தை செய்ததை அந்த ஊர் இன்றைக்கும் தன் வாயால் சொல்லிக்கொள்வதில்லை, மற்றவர்கள்தான் சொல்லவேண்டும். கயிற்றுக் கட்டிலில் அவளைக் கிடத்தி, முன்னால் இருபது பேர் பின்னால் இருபது பேர், ஒரு முழம் வடக்கே சாய்ந்த உடம்புகளோடு, வடக்கே இழுக்கிற பூமியில் தெற்கே நடந்தார்கள். பங்குனித் தேருக்குக் கட்டுகிற வடத்தைக் கட்டிலில் கட்டி மற்றவர்கள் முன்னாலிருந்து இழுத்தார்கள். ஒரு எட்டு எடுத்தால் அரை எட்டு பின்னால் சறுக்கியது. பொம்பளைகள் சறுக்கும் கால்களுக்குப் பின்னால் கருங்கல்லை முட்டுக் கொடுத்தார்கள். ஞானதிரவியம் சார் வழி நெடுக ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார், தர்மகர்த்தா சரணம் சொல்லிக்கொண்டே இழுத்தார். அரை மைல் தூரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது. வேப்பமரத்தைத் தாண்டியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து, நிமிர்ந்த வேகத்தில் தெற்கே போய்க் குப்புற விழுந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் கேட்டார்கள். ஊரே கையை நீட்டியதில் பொருந்தியது மூன்று பேருடையது. அதில் முதல் பாட்டில் நல்லபெருமாளுடையது. குத்தின ஊசியைப் பார்க்கப் பயந்துகொண்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உலகம்மாள் ஆனி மாதம்வரை அங்கேயே இருந்தாள். வாழ்நாளில் முதன்முறையாக அவளை உட்காரவைத்து லிங்கதுரை ஈரல் வறுவலை ஊட்டினான். பெண் பிள்ளை பிறந்தது. கறுப்புமில்லை சிவப்புமில்லை, பிள்ளை நிறத்தில் இருந்தது.

ஊருக்குத் திரும்பியபோது ஆடி. யாரும் சாயாத மாதம், அதனால் அவள் என்னவானாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். ஆவணியில் எல்லாரும் ஒரு விரல் சாய்ந்தபோது அவளும் சாய்ந்தாள். மற்றவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே அது பழக்கம், பாதத்தை எப்படி ஊன்றுவது, தலையில் குடத்தை எப்படிச் சரிக்கட்டுவது என்று உடம்புக்கே தெரியும். அவளுக்குத் தெரியாது. முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் சரிந்து செம்பருத்திச் செடிக்குள் விழுந்து, எழ மனமில்லாமல் அங்கேயே கிடந்து சிரித்தாள்.

புரட்டாசி வந்தது. தெற்கு மதிலும் மேற்கு மதிலும் பாக்கி கிடந்தன. லிங்கதுரை வேலைக்குப் போய் வந்தவன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, என்னவென்று கேட்டால் சொல்லவுமில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் உலகம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஐந்து விரல் சாய்வில் சுவரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கே போனாள்.

அவள் நின்ற கல்லின்மேல் வேறொருத்தி நின்றாள். பீடிக்காரி மரியபுஷ்பத்தின் மகள் சந்திரா, பதினேழு வயது. நேராக நின்றாள். கழுத்தில் யாரோ மாலை போட்டிருந்தார்கள். கீழே மீசைக்காரர்கள் சாய்ந்து நின்று, தாயி நேராக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். கண்ணுக்கு முன்னால் பறக்கிற பூச்சியை விலக்கத்தான் அப்படிச் சுருக்குகிறாள் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது. மரியபுஷ்பம் பக்கத்திலேயே முகமெல்லாம் பெருமையாக நின்றாள். அவளும் அரை விரல்தான் சாய்ந்திருந்தாள்.

உலகம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கல்லுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“ஏ சந்திரா, சாப்பிட்டியா?”

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

“சாப்பிட்டா சாஞ்சிருவேன்க்கா. ஆடியிலேருந்து ஒரு நேரந்தான்.”

உலகம்மாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார்மேல் என்று சொல்லமுடியாத கோபம், அதில் பாதி தன்மேலேயே. தான் நின்று காட்டிய நிலைக்குத்தான் இந்தப் பிள்ளை பட்டினி கிடக்கிறது. அவள் தர்மகர்த்தா பக்கம் திரும்பினாள்.

“மாமா, எனக்குள்ள இப்ப ஓடுதது ஒங்க ரத்தம். அதால சொல்லுதேன். நான் அன்னைக்கி நேரா நின்னது நல்லவங்கதால இல்ல. தின்ன ஒண்ணும் இல்லாதவங்கதால நின்னேன். நம்ம ஊருப் பொம்பளைய எல்லாரும் கொறச்சுச் சாயுதாளுவளே, அது அடக்கம்னா நெனச்சிய? நீங்க தின்னு மிச்சம் வச்சதுதான் அது.”

நல்லபெருமாள் ஊரிலேயே அதிகம் சாய்கிறவர், அன்றைக்கு அந்தச் சாய்வை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் ஆலமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். சுற்றி நின்ற ஆண்கள் முதன்முறையாகத் தங்கள் பொண்டாட்டிகளை, அக்காள் தங்கைகளை, பெற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு விரல், அரை விரல், முக்கால் விரல். பார்க்கப் பார்க்க அவர்களுக்கு முகம் செத்தது.

லிங்கதுரை சாரத்திலிருந்து கேட்டான், “அப்ப மதிலுக்கு யாரு பாத்துச் சொல்லுவா உலகு?”

“யாரும் சொல்லாண்டாம். நாம சாயுத அளவுக்கு அதுவும் சாஞ்சிட்டுப் போட்டும். விழாமக் கெட்டுங்க, போதும்.”

பிறகு அவள் சந்திராவின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அந்தக் கை பச்சைத் தண்ணீரில் கிடந்த கை போலக் குளிர்ந்திருந்தது. கோயில் மடப்பள்ளியில் வேலைக்காரர்களுக்கு ஆக்கி வைத்திருந்த சோறு இருந்தது. ஆண்கள் முதலில் சாப்பிடுவதுதான் அந்த ஊர் வழக்கம். அன்றைக்கு அவள் ஒரு வாழை இலையை முதலில் சந்திராவுக்குப் போட்டாள், இரண்டாவதை மரியபுஷ்பத்துக்குப் போட்டாள், மூன்றாவதைப் போட்டு அதில் தானே உட்கார்ந்தாள். மற்ற பெண்கள் கொஞ்சநேரம் தயங்கி நின்றுவிட்டு ஒவ்வொருத்தியாய் வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். பரிமாற ஆளில்லாமல் போகவே, நல்லபெருமாள் எழுந்து வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோற்று வாளியைத் தூக்கினார். வாளி வடக்கே இழுத்தது, அவர் சரிந்தபடியே ஒவ்வோர் இலைக்கும் போட்டார். சந்திரா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள், மரியபுஷ்பம் சாப்பிடாமல் மகளைப் பார்த்தபடி இலையில் கண்ணீர் விட்டாள்.

தெற்கு மதிலும் மேற்கு மதிலும் கோணலாகத்தான் முடிந்தன. வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துச் சிரிப்பார்கள், ஊர் கண்டுகொள்வதில்லை. மைதீன்பாத்து சிவப்பு மாத்திரையை மூட்டையாகக் கொண்டுவந்து பஸ் நிறுத்தத்தில் வைத்துக்கொண்டு உட்காருவாள், ஞானதிரவியம் சார் பலகையில் எழுதி முடித்ததும் பெண்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள். மார்கழி அமைதியாகப் போனது. தை போனது, மாசி போனது.

பங்குனி உத்திரத்தன்று உச்சிவேளையில், குளக்கரையில், சந்திரா மூன்று விரல் சாய்ந்தாள். அவள் அம்மா இரண்டு விரல் சாய்ந்தாள்.